தழும்பை அழிக்கத் தாவோவிடம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தாவோ என்னும் பழைய சீன மரபின் பயிற்சிகளைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பழமொழியைப் பொய்யாக்கத்தான் வருகிறார்கள். அடித்து வளர்த்ததில் ஒட்டிய பயம், வகுப்பில் நிற்க வைத்துத் திட்டியதில் வந்த கூச்சம், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று எதற்கெடுத்தாலும் தயங்கும் மனம். கண்ணை மூடி உட்கார்ந்து, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி, சில மாதம் பயின்றால் எல்லாம் கரைந்துவிடும் என்று அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் கரையும். எல்லாம் கரையாது. இதைப் பழைய தாவோ நூல்களே ஒளிக்காமல் சொல்கின்றன. பயிற்சியை விற்கிறவர்கள்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

முதல் தவறு அங்கிருந்தே தொடங்குகிறது: பிறந்த குழந்தைபோல ஆகிவிடலாம் என்று நம்புவது. இந்த மரபின் மூலவராகச் சொல்லப்படும் லாவோட்சு குழந்தையைப் புகழ்கிறார், உண்மைதான். எலும்பு மென்மை, பிடி மட்டும் உறுதி என்கிறார். செதுக்காத மரக்கட்டைக்குத் திரும்பு என்கிறார். ஆனால் ஏற்கெனவே செதுக்கிவிட்ட கட்டைக்கு என்ன வழி? அந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொள்வது, லாவோட்சுவுக்கு அடுத்த பெரிய ஆசானான சுவாங்ட்சுவின் நூல். அதன் ஆறாம் அத்தியாயத்தில் யி எர்சி என்றொருவர் சூ யோ என்ற துறவியைப் பார்க்கப் போகிறார். யாவ் மன்னர் உனக்கு என்ன கொடுத்தார் என்று சூ யோ கேட்கிறார். நன்னெறியில் நட, சரி எது தவறு எது என்று தெளிவாகப் பேசு என்றார், என்று யி எர்சி சொல்கிறார். அப்படியானால் இங்கே எதற்கு வந்தாய் என்று வருகிறது பதில். நன்னெறியைக் கொண்டு உன் முகத்தில் பச்சை குத்திவிட்டார், சரி தவறைக் கொண்டு உன் மூக்கை அறுத்துவிட்டார். இனி எப்படிச் சுதந்திரமாகத் திரிவாய் என்கிறார் சூ யோ.

பண்டைய சீனாவில் இவை இரண்டும் குற்றவாளிகளுக்கு நிஜமாகவே கொடுத்த தண்டனைகள். நல்ல வளர்ப்பைத் தண்டனையின் பெயரால் சொல்வது அன்றைய வாசகருக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கும். யி எர்சி விடுவதாக இல்லை. படைத்தவன் என் பச்சையை அழித்து, மூக்கை ஒட்டவைத்து, முழு ஆளாக உங்கள் பின்னால் வர விடமாட்டான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். சூ யோவின் பதில்: அது தெரியாது. முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று பாடத்துக்குப் போய்விடுகிறார். இந்த மரபு கொடுக்கும் உத்தரவாதம் அவ்வளவுதான். அதற்குமேல் யாராவது கொடுத்தால் அது அவருடைய சொந்தச் சரக்கு.

பிறகு எதைத்தான் எதிர்பார்க்கலாம்? அதற்கும் அதே நூலின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒருவர் இருக்கிறார். ஷென்து ஜியா, தண்டனையில் ஒரு பாதத்தை இழந்தவர். செங் நாட்டு அமைச்சர் சிசானும் அவரும் ஒரே குருவிடம் படிக்கிறார்கள். கால் போனவனோடு சேர்ந்து வாசலைத் தாண்ட அமைச்சருக்குக் கூச்சம். நான் போனால் நீ இரு, நீ போனால் நான் இருக்கிறேன் என்கிறார். அதற்கு ஷென்து ஜியா சொல்வதை நிதானமாகப் படிக்க வேண்டும். இரண்டு காலும் உள்ளவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு ஆத்திரம் பொங்கும். குருவின் இடத்துக்கு வந்தால் அதை விட்டுவிட்டுத் திரும்புகிறேன். பத்தொன்பது வருடமாகக் கூட இருக்கிறேன், நான் ஒற்றைக் காலன் என்பதை அவர் ஒருநாளும் கண்டுகொண்டதில்லை என்கிறார்.

பத்தொன்பது வருடத்தில் கால் முளைக்கவில்லை. சிரித்தவர்கள் மேலிருந்த ஆத்திரம் போனது. அதுகூட ஒரே நாளில் தீர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. பழைய காயத்துக்குத் தாவோ பயிற்சி என்ன செய்யும் என்று கேட்டால் நான் காட்டுவது இந்த மனிதரைத்தான்.

எண்ணத்தை அடக்குவது

'உட்கார்ந்து மறத்தல்' என்ற பயிற்சி சுவாங்ட்சுவிலேயே வருகிறது. தாங் வம்சக் காலத்தில் சிமா செங்ஷென் (647–735) என்ற ஆசான் அதைப் பற்றி ஒரு தனி நூல் எழுதினார். பேரரசர்கள் அழைத்துப் பேசிய பெரிய ஆசான், ஆனால் எழுத்தில் பந்தா கிடையாது. மறப்பது என்றதும் பலர் செய்வது என்னவென்றால், பழைய நினைவு தலைகாட்டிய உடனே அதை அமுக்குவது. அம்மாவின் குரல் வருகிறதா, அமுக்கு. கோபம் வருகிறதா, அமுக்கு. அரை மணி நேரம் கழித்து எழுந்தால் மனம் மரத்துப்போய் அமைதிபோலத் தோன்றும். சிமா இதற்கு அன்றே பெயர் வைத்துவிட்டார்: குருட்டு நிலைப்பு. எழுகிற எண்ணத்தையெல்லாம் நல்லது கெட்டது பார்க்காமல் அணைத்துக்கொண்டே போனால் அறியும் திறனே அறுந்துபோய் அதில்தான் விழுவாய் என்கிறார். மனதை வெறுமையில் பிடித்து நிறுத்தினால், அதுவும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் என்றும் சொல்கிறார்.

அவர் தரும் மாற்று வழி ரொம்பச் சாதாரணமானது. இந்த மனம் எப்போதும் எதையாவது பற்றிக்கொண்டே வாழ்ந்தது, தனியாக நிற்கப் பழகவில்லை. திடீரென்று பிடியை எடுத்தால் தவிக்கும், கொஞ்சம் அடங்கினாலும் மறுபடி சிதறும், என்கிறார். அதனால் பழக்கு என்கிறார். மாடும் குதிரையும் வீட்டு விலங்குகள்தான், அவிழ்த்து விட்டுவிட்டால் முரடாகி நுகத்துக்கு அடங்காது. பருந்து காட்டுப் பறவைதான், காலில் கயிறு கட்டி நாள்முழுக்கக் கையில் வைத்திருந்தால் பழகிவிடும் என்பது அவர் சொல்லும் உவமை. பழக்கத்தால் வந்ததைப் பழக்கத்தால் மாற்றலாம், ஆனால் பருந்து பருந்தாகவேதான் இருக்கும். அவருடைய ஏழு படிகளில் நான்காவது, தேவையில்லாத வேலைகளையும் சேர்த்து வைத்தவற்றையும் குறைப்பது. தியான வகுப்புக்குப் பணம் கட்டுகிறவர்கள் தாண்டிக் குதிப்பது பெரும்பாலும் இந்தப் படியைத்தான். பழைய பயத்தைத் தினமும் கிளறுகிற வேலையிலோ உறவிலோ இருந்துகொண்டு காலையில் இருபது நிமிடம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? இருபது நிமிடம் உட்கார்ந்திருப்பீர்கள்.

துக்கத்தை விழுங்குவதும் இதே வகைதான். மனைவி இறந்தபோது சுவாங்ட்சு பானையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். துக்கம் கேட்க வந்த நண்பர் ஹுய்சி கோபப்பட்டுக் கேட்டதற்கு அவர் முதலில் சொன்ன பதிலை விட்டுவிடுவார்கள்: அவள் இறந்த புதிதில் எனக்கு மட்டும் வருத்தம் இல்லாமலா இருந்தது? வருந்தினார், பிறகு யோசித்தார், அப்புறம்தான் பாடினார். பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வது குறுக்கு வழி. இப்படி ஆன்மிகத்தைச் சாக்காக வைத்து மனக்காயத்திலிருந்து நழுவுவதை அமெரிக்க உளவியலாளர் ஜான் வெல்வுட் 1984-இல் பெயரிட்டுச் சுட்டிக்காட்டினார். அவர் பார்த்தது பௌத்தப் பயிற்சியாளர்களை. தாவோ பக்கம் வந்தாலும் கதை மாறாது, 'ஓட்டத்தோடு போகிறேன்' என்ற வசனம்தான் கூடுதல்.

உடம்பில் ஓட்டிப் பார்ப்பது

ஆபத்து அதிகம் இருப்பது இங்கேதான். 1973-இல் சீனாவின் மாவாங்துயி கல்லறையில் கிடைத்த பட்டு ஓவியத்தில் 44 பேர் உடற்பயிற்சி செய்கிறார்கள். கல்லறை மூடிய ஆண்டு கி.மு. 168. சில படங்களின் பக்கத்தில் முழங்கால் வலி, காது கேளாமை என்று நோயின் பெயர் இருக்கிறது. உடம்பு வழியாகச் சரிசெய்யும் எண்ணம் அவ்வளவு பழையது, நல்லதும்கூட. பின்னாளில் ஈரலில் கோபம், நுரையீரலில் துக்கம், சிறுநீரகத்தில் பயம் என்ற கணக்கும், ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் ஒலி என்ற மூச்சுப் பயிற்சியும் சேர்ந்துகொண்டன. மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் ஒரு வரைபடமாகப் பயன்படுத்திய இதை இன்று சிலர் எக்ஸ்ரே மாதிரி வாசிக்கிறார்கள். உன் ஈரலில் உன் அப்பா இருக்கிறார், இந்த ஒலியால் வெளியேற்று என்கிறார்கள். நீளமாக மூச்சு விட்டால் உடம்பு தளரும், அது நல்லதுதான். அப்பா அங்கே இல்லை.

மரம்போல் அசையாமல் நிற்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் லேசாகத் தளர்ந்து, கைகள் எதையோ அணைத்ததுபோல் மார்புக்கு நேராக. கொஞ்ச நேரம் போனால் தொடை நடுங்கும். பழைய அதிர்ச்சி வெளியேறுகிறது என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள். பெரும்பாலும் தசை களைத்துப்போய் நடுங்குகிறது, அவ்வளவுதான். சில நேரம் நிஜமாகவே தொண்டை அடைக்கும், அழுகை வரும். வந்தால் வரட்டும், துரத்திப் பிடிக்க வேண்டாம். ஆனால் கை கால் யாருடையதோ போலத் தோன்றினாலோ, பழைய சம்பவம் இப்போது நடப்பதுபோல் இருந்தாலோ, அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கண்ணைத் திறந்து, குதிகால் தரையில் பதிவதைக் கவனித்து, அறையில் இருக்கும் பொருள்களை வாய்விட்டுப் பெயர் சொல்லி, கொஞ்சம் நடந்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் போதும். தாக்குப்பிடித்தால் உடைந்து வெளியே வந்துவிடும் என்ற அறிவுரைதான் பலரைக் கெடுத்திருக்கிறது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1980-களில் சீனாவில் சீகோங் என்ற மூச்சு, உடல் பயிற்சியின் மோகம் உச்சத்தில் இருந்தபோது, பயிற்சியால் மனம் குழம்பியவர்களை மருத்துவமனைகள் பார்க்கத் தொடங்கின. சீன மனநோய் வகைப்பாட்டில் அதற்கென்று ஓர் இடம் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட கையேட்டின் பின்னிணைப்பிலும் அது ஏறியது: சீகோங் செய்தபின் குறுகிய காலம் வரும் சந்தேக எண்ணங்கள், தன்னிலை பிசகுதல், பயிற்சியில் அளவுமீறி மூழ்குகிறவர்களுக்கு அபாயம் கூடுதல் என்ற குறிப்போடு. சீனப் பயிற்சியாளர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. நெருப்பு தடம் புரண்டு பேய் புகுந்தது என்று அவர்களுடைய பேச்சுவழக்கிலேயே ஒரு தொடர் உண்டு. மூச்சை அடக்கி, முதுகுத்தண்டு வழியாக ஆற்றலை வலிந்து ஏற்றுகிறவர்களைப் பார்த்துத்தான் அதைச் சொல்வார்கள்.

தாவோ மரபு அமரராகப் போற்றும் லூ தோங்பின் பெயரில் வழங்கும் பழைய பாடல் ஒன்று, உடம்பை மட்டும் பயின்று மனதின் இயல்பைப் பயிலாவிட்டால் பயிற்சியின் முதல் நோயே அதுதான் என்கிறது. மனதை மட்டும் பிடித்துக்கொண்டு உடம்பை விட்டாலும் கரைசேர முடியாது என்று அடுத்த வரியிலேயே எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு குட்டு வைக்கிறது.

எல்லாம் உன்னால்தான் என்று நம்புவது

வகுப்புகளில் கேட்கும் இன்னொரு வசனம், உன் ஆற்றல் சரியில்லாததால்தான் உனக்கு இப்படி நடக்கிறது என்பது. ஏற்கெனவே நொந்த ஆளுக்கு இது இன்னொரு அடி. தாவோ மரபின் பழைய வேதங்களில் ஒன்றான தைபிங் ஜிங் கிட்டத்தட்ட நேர்மாறாகப் பேசுகிறது. முன்னோர்கள் அறியாமல் செய்த சிறு பிழைகள் சேர்ந்து சேர்ந்து, குற்றமே செய்யாத பின்தலைமுறையின் தோளில் சுமையாக இறங்குகின்றன என்கிறது. சுமப்பவன் செய்தவன் அல்ல. ஊர்வம்பு, பஞ்சம், போர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மதநம்பிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், வளர்ப்பு என்பது ஒருவர் தலையில் மட்டும் தொடங்கி முடிவதில்லை என்ற புரிதல் இதில் இருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஹான்சோங் பகுதியை ஆண்ட ஜாங் லூவின் சமூகத்தில் நோயாளியைத் தனி அறையில் உட்காரவைத்துத் தன் தவறுகளை நினைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அவர் பெயரும் வருத்தமும் மூன்று தாள்களில் எழுதப்படும். ஒன்று வானத்துக்கென்று மலைமேல், ஒன்று பூமிக்கென்று மண்ணுக்குள், ஒன்று தண்ணீருக்குள். இதுவரை படித்தால் இவர்களும் நோயாளியைத்தானே குற்றம் சொல்கிறார்கள் என்று தோன்றும், ஓரளவு நியாயம்தான். ஆனால் சிறு குற்றம் செய்தவருக்கு அங்கே இன்னொரு ஏற்பாடும் இருந்தது: நூறு காலடி நீளத்துக்குச் சாலையைச் சீர்செய்தால் குற்றம் தீர்ந்தது. கணக்கு முடிகிற இடம் ஒன்று இருந்தது, ஊரும் அதில் சேர்ந்திருந்தது. இன்றைய தனி அறைத் தியானத்தில் இல்லாதது அதுதான். ஆண்டுக்கணக்கில் உள்ளே தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள், யாருக்கும் ஒரு அடி சாலை போடுவதில்லை.

குருவைத் தேர்ந்தெடுக்கும்போது

சுவாங்ட்சு நூலின் இருபத்துமூன்றாம் அத்தியாயத்தில் நான்ரோங் சூ என்ற நடுவயதுக்காரர் தன் ஆசிரியர் கெங்சாங் சூவிடம், என்னைப்போல் வயதானவன் எதைப் பிடித்துத் தேறுவது என்று கேட்கிறார். ஆசிரியர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு ஒப்புக்கொள்கிறார்: யுவே நாட்டுச் சிறிய கோழி அன்னத்தின் முட்டையை அடைகாக்க முடியாது, லூ நாட்டுப் பெரிய கோழிக்கு முடியும், என் திறமை சிறியது, உன்னை மாற்ற எனக்குப் போதாது, தெற்கே போய் லாவோட்சுவைப் பார். நான்ரோங் சூ கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஏழு பகல் ஏழு இரவு நடந்து போகிறார். அவரைப் பார்த்ததும் லாவோட்சு கேட்கிறார்: ஏன் இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாய்? அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். பின்னால் யாருமில்லை.

பத்து நாள் தங்கி, நல்லதைச் சேர்த்துக் கெட்டதைத் தள்ளப் பாடுபட்டும் வருத்தம் போகவில்லை. நன்றாகத்தான் கழுவியிருக்கிறாய், ஆனால் இன்னும் உள்ளே கசிகிறது என்கிறார் லாவோட்சு. பெரிய பாடம் கேட்பது மருந்து குடித்து நோயைக் கூட்டிக்கொள்வதுபோல் இருக்கிறது, உயிரைப் பேணும் வழியை மட்டும் சொல்லுங்கள், அது போதும் என்று கேட்டுக்கொள்கிறார் நான்ரோங் சூ. லாவோட்சு திட்டவில்லை, அதையே சொல்லிக் கொடுக்கிறார். கேட்பதைக் குறைத்துக்கொள்ளவும் இந்த மரபில் இடம் உண்டு.

ஆகவே ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அவர் எத்தனை பேரைக் குணப்படுத்தினார் என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் தயாராக இருக்கும். என்னால் ஆகாது என்று யாரை, எங்கே அனுப்பி வைத்தீர்கள் என்று கேளுங்கள். தூக்கமில்லாமல் வந்தவரை, குரல்கள் கேட்கின்றன என்றவரை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றவரை மனநல மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறாரா? மாத்திரையை நிறுத்திவிட்டு வாருங்கள் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், கட்டிய பணம் போனால் போகட்டும்.