ரேடியோ, டிவி வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் முன்: சம்பளக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

சென்ற ஆண்டு காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு அப்பா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் கோவையில் விஸ்காம் என்கிற காட்சி ஊடகப் படிப்பை முடித்தவன். எஃப்.எம்.மில் ஆர்.ஜே. ஆக வேண்டும் என்று ஆசை. அப்பா சுற்றி வளைக்கவில்லை. "ஏனுங்க, ரேடியோவுல சேர்ந்தா மாசம் எவ்வளவு வருமுங்க?" என்றார்.

15 ஆண்டுகள் ஒலிபரப்பில் இருந்துவிட்டு இப்போது குரல் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பழக்கம். முன்பெல்லாம் ஒரு தொகையைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தத் தொகையை நம்பிப் போன சிலர் பட்ட சிரமத்தைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்வதில்லை. இந்தத் தொழிலில் எவ்வளவு பணம் வருகிறது என்பதைவிட அது எந்த விதத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். அந்த விதத்தைத் தாங்க முடிந்தவர்கள்தான் தொழிலில் தங்குகிறார்கள். அதனால் யாருக்கு என்ன சம்பளம் என்பதையும், யார் யார் இந்த வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

முதல் தவறு, காதில் விழும் குரலை வைத்து மொத்தத் தொழிலையும் எடைபோடுவது. கோவையில் சூரியன், மிர்ச்சி, ஹலோ, ரேடியோ சிட்டி என்று நான்கு தனியார் எஃப்.எம்.கள் கேட்கின்றன. ஒரு நாள் முழுக்க நிலையத்தை ஓட்ட விரல்விட்டு எண்ணக்கூடிய ஆர்.ஜே.க்கள் போதும். ராத்திரி நேரத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்த பாட்டே ஓடும். ஆனால் அந்தக் குரல்களுக்குப் பின்னால் புரொடியூசர், விளம்பரம் எழுதுகிறவர், சவுண்ட் இன்ஜினியர், எந்த விளம்பரம் எந்த இடைவேளையில் போக வேண்டும் என்று அடுக்குகிறவர், டிரான்ஸ்மிட்டர் பார்க்கிறவர், எல்லாருக்கும் சோறு போடுகிற சேல்ஸ் ஆட்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. நான்கைந்து ஆர்.ஜே. இடங்களுக்காக நூற்றுக்கணக்கான பிள்ளைகள் காத்திருக்கும்போது, நல்ல சவுண்ட் இன்ஜினியர் கிடைக்காமல் நிலையங்கள் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எஃப்.எம்.மில் சேர்ந்து நிருபர் ஆகலாம் என்று நினைத்து வருகிற மாணவர்களும் உண்டு. தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப இந்தியாவில் அனுமதி இல்லை. ஆகாஷ்வாணியின் செய்தியை மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்ய மட்டுமே விதி இடம் தருகிறது. ஆக, அங்கே நிருபர் வேலை என்று ஒன்று கிடையாது. மூன்று வருடம் படித்த பிறகு இதைத் தெரிந்துகொள்வது பெரிய ஏமாற்றம்.

காங்கேயத்து அப்பாவுக்கு நான் சொன்ன கணக்குக்கு வருகிறேன். அவர் வீட்டில் மாடு உண்டு, மஞ்சளும் போடுகிறார். பால் பணம் சொசைட்டியிலிருந்து தவறாமல் வரும், தொகைதான் சிறிது. மஞ்சள் பணம் வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் ஈரோடு மார்க்கெட்டில் அன்றைக்கு என்ன விலையோ அதைப் பொறுத்தது. ஆர்.ஜே.யின் வருமானமும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான். நிலையம் தருகிற மாதச் சம்பளம் பால் பணம். கல்யாண வரவேற்பு, கல்லூரி விழா, நகைக்கடைத் திறப்பு, அப்பார்ட்மெண்ட் புக்கிங் மேளா என்று மேடையில் பேசி வாங்குவது மஞ்சள் பணம். "அவன் மாசம் இவ்வளவு சம்பாதிக்கிறானாம்" என்று ஊரில் பரவுகிற தொகை பெரும்பாலும் தை, வைகாசி மாதத்துக் கணக்காக இருக்கும். மார்கழியில் கல்யாணம் ஏது? ஆடியில் தள்ளுபடி விற்பனைக்கு ஜவுளிக்கடை விளம்பரங்கள் குவியும், நிலையத்துக்கு நல்ல காலம். ஆனால் மேடை நிகழ்ச்சியை நம்பி இருக்கிறவருக்கு அது வறண்ட மாதம். வண்டிக்கு டியூ கட்டுகிற கணக்கை மஞ்சள் பணத்தின் மேல் போடாதீர்கள். இன்னொன்றையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளி நிகழ்ச்சிக்குப் போக நிலையத்தின் அனுமதி வேண்டுமா, வரும் பணத்தில் நிலையத்துக்குப் பங்கு உண்டா? இது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை.

அடுத்து சி.டி.சி. "20,000 சம்பளம்" என்று சொன்னால் வீட்டில் 20,000 என்றே எழுதிக்கொள்கிறார்கள். நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவுதான் அந்த 20,000. அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தின் பங்கான பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், பல இடங்களில் அந்த 20,000-க்குள்ளேயே இருக்கும். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்கு என்று சுமார் 577. மீதி 17,983. அதில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,440 போகும். கைக்கு வருவது 16,500 சொச்சம், இ.எஸ்.ஐ.யும் தொழில் வரியும் போனால் இன்னும் கொஞ்சம் குறையும். பி.எஃப். நம் பணம்தான், வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் கோவையில் ரூம் வாடகை கொடுக்கப்போவது இந்த 16,500-லிருந்துதான்.

டிவிக்கு வருவோம். இங்கேதான் தவறு பெரிதாக நடக்கிறது.

தமிழ்ச் செய்தி சேனல்களின் தலைமை அலுவலகங்கள் சென்னையில் இருக்கின்றன. டெஸ்க், ஸ்டூடியோ, எடிட்டிங் எல்லாம் அங்கே. சென்னையில் ஒருவர் வாங்கும் சம்பளத்தைக் கேள்விப்பட்டு, கொங்கு மாவட்டத்திலும் அப்படித்தான் என்று நினைப்பது சரியில்லை. இங்கே சேனலின் முகமாக இருப்பவர்கள் மாவட்ட நிருபரும் கேமராமேனும், அவர்களுக்குக் கீழே தாலுகா அளவில் ஸ்ட்ரிங்கர்கள் எனப்படும் பகுதிநேரச் செய்தியாளர்களும். பல ஸ்ட்ரிங்கர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. அனுப்பிய செய்தி ஒளிபரப்பானால் அதற்கு இவ்வளவு என்று கணக்கு. கேமரா அவருடையது, பைக் அவருடையது, பெட்ரோலும் இன்டர்நெட்டும் அவருடையது. வால்பாறையில் யானை எஸ்டேட் லைன் வீட்டை இடித்தால் நள்ளிரவில் மலையேற வேண்டும். நொய்யலில் சாயத் தண்ணீர் வந்தால் விடியும் முன் அங்கே நிற்க வேண்டும். எடுத்துக்கொண்டு வந்து அனுப்பினால், அன்றைக்குச் சென்னையில் பெரிய அரசியல் செய்தி ஏதாவது இருந்தால் இவர் அனுப்பிய காட்சி ஓடாது. ஓடாததற்குப் பணமும் வராது.

இப்படி ஒரு வருமானத்தில் யார் தாக்குப்பிடிக்க முடியும்? வேறொரு வருமானம் இருக்கிறவர். கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், கேபிள் லைன் நடத்துகிறவர், தோட்டமோ கடை வாடகையோ உள்ளவர். எனக்குத் தெரிந்த ஸ்ட்ரிங்கர்கள் அநேகமாக எல்லாரும் ஆண்கள், 30 வயது கடந்தவர்கள், இப்படி ஒரு பக்கத் தொழில் உள்ளவர்கள். திறமை இருந்தும் அன்றாடக் கூலியில் வாழும் வீட்டுப் பிள்ளை ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறான். பிறகு "அந்தப் பக்கத்திலிருந்து யாரும் இந்தத் துறைக்கு வருவதில்லை" என்று பேசுகிறோம். வந்தார்கள், தங்க முடியவில்லை. மாவட்டச் செய்தியில் எந்தத் தெரு தெரிகிறது, எந்தத் தெரு தெரிவதே இல்லை என்பதற்கும் இந்தச் சம்பள முறைக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சாதிக் கணக்கிலும் ஒரு தவறு நடக்கிறது. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், எண்ணிப் பார்த்த 121 தலைமைப் பொறுப்புகளில் 106 இடங்கள் உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. அந்த ஆய்வு ஆங்கில, இந்தி ஊடகங்களைப் பற்றியது. அந்த எண்ணைத் தமிழ்ச் சேனல்களுக்கு அப்படியே ஒட்டுவது தவறு, இங்கே மேலே இருக்கிற சாதிகளும் அதிகாரக் கணக்கும் வேறு. ஆனால் அது வடக்கத்திச் சேதி, நமக்கென்ன என்று தள்ளிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. நம் மாவட்டத்து பிரஸ் மீட்டில் நிற்கிற மைக்குகளுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முறை உண்மையாக எண்ணிப் பாருங்கள்.

"டிவியில பொம்பளப் புள்ளைகதானே நிறைய" என்பது நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை. திரையில் தெரிவது செய்தி வாசிப்பவர். கேமரா, லைவ், பி.சி.ஆர். என்கிற நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டு அறை, மாவட்ட நிருபர் என்று உள்ளே போகப் போகப் பெண்கள் குறைவார்கள். 2020-ல் உலக அளவில் நடந்த ஊடகக் கண்காணிப்பு ஆய்வில், செய்திகளில் பேசப்படுகிற, மேற்கோள் காட்டப்படுகிற மனிதர்களில் பெண்கள் 25 சதவீதம்தான். இருக்கிற பெண்களுக்கும் அதே சம்பளம் வருகிறதா? பி.பி.சி. 2017-ல் ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கும் தன் நட்சத்திரங்களின் பட்டியலை வெளியிட வேண்டி வந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு ஆண்கள் இருந்தார்கள். அங்கே சமீரா அகமது என்ற தொகுப்பாளர், தன் நிகழ்ச்சிக்கு ஒரு எபிசோடுக்கு 440 பவுண்டும், அதுபோன்ற நிகழ்ச்சியை நடத்திய ஜெரமி வைனுக்கு 3,000 பவுண்டும் கொடுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குப் போட்டு 2020 ஜனவரியில் வென்றார். பட்டியல் வெளியே வந்த பிறகுதான் பல பெண்கள் தங்கள் சம்பளத்தைப் பக்கத்து நாற்காலியோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். நம் ஊரில் உடன் வேலை செய்கிறவரிடம் சம்பளம் கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டிருக்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் அந்த மரியாதை முதலாளிக்கு மட்டுமே லாபம். நம்பிக்கையான இரண்டு பேரிடமாவது கேளுங்கள்.

காலை நிகழ்ச்சி ஆறு மணிக்கு என்றால், பல்லடத்திலிருந்து வரும் பெண் நாலரைக்குள் கிளம்ப வேண்டும். நிறுவனம் வண்டி அனுப்புமா என்பது அவளுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதி. அதைக் கேட்காமல் தொகையை மட்டும் பேசிச் சேர்ந்து, மூன்றாவது மாதம் வீட்டில் நிறுத்திவிட்ட மாணவிகள் எனக்கு உண்டு. இன்னும் அது மனதை அறுக்கிறது.

திருச்சி ரோட்டில் இருக்கிற கோவை வானொலி நிலையத்தில் கேஷுவல் அறிவிப்பாளராகத் தேர்வானதும் "கவர்ன்மென்ட் வேலை" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். கேஷுவல் என்பது நிரந்தரப் பணி இல்லை. மாதத்துக்கு ஆறு ட்யூட்டி போலத்தான் கிடைக்கும், அதற்கான தொகை மட்டும் வரும், பத்து வருடம் செய்தாலும் தானாக நிரந்தரம் ஆகாது. உச்சரிப்பும் மைக் ஒழுக்கமும் கற்க அதைப்போல நல்ல இடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வேறு வேலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அங்கே போங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகம், பி.எஸ்.ஜி. போன்ற இடங்களில் நடக்கும் சமுதாய வானொலிகளும் இப்படித்தான், தொழில் பழகும் இடங்கள்.

வாய்ஸ் ஓவர், அதாவது பின்னணிக் குரல் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருமான வரிக்கென்று (டி.டி.எஸ்.) 10 சதவீதம் பிடித்துக்கொண்டு பணம் தந்தால் அது போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கும், ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பலருக்கும் திரும்ப வரும். குரலை எத்தனை நாளுக்கு, எந்தெந்த ஊடகத்தில் பயன்படுத்துவார்கள், கம்ப்யூட்டர் குரல் உருவாக்கப் பயன்படுத்துவார்களா என்பதை எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, காகிதம். நான் தொடக்கத்தில் ஒரு நிலையத்தில் இரண்டு வருடம் பணி நியமனக் கடிதமே இல்லாமல் வேலை பார்த்தேன். வவுச்சரில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குவேன். ஆட்குறைப்பு வந்தபோது, அங்கே வேலை செய்தேன் என்பதற்கு என்னிடம் ஐ.டி. கார்டு ஒன்றுதான் இருந்தது, அதையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பத்திரிகையாளருக்குச் சட்டம் இருக்கிறதே என்று அப்போது நான் நம்பியிருந்தேன். 1955-ன் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டமும் 2011-ல் அறிவிக்கப்பட்ட மஜீதியா சம்பளப் பரிந்துரையும் அச்சுப் பத்திரிகைக்காரர்களுக்கானவை. ரேடியோ, டிவிக்காரர்களைச் சேர்க்கவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் மின்னணு ஊடகத்தில் வேலை செய்பவரும் உழைக்கும் பத்திரிகையாளர் என்ற வரையறைக்குள் வந்திருக்கிறார். எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்றும் இருக்கிறது. கேட்பதற்கு இப்போது பிடிமானம் உண்டு. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்குப் புரிகிறது, எனக்கும் இருந்தது.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது அந்த அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, "மார்கழி மாசம் கைக்கு எவ்வளவு வரும்னு அவிககிட்ட கேளு கண்ணு. அதைய எழுதிக் குடுக்கச் சொல்லு" என்றார். பையன் போனில் குறித்துக்கொண்டான். அடுத்த வாரம் இன்டர்வியூவுக்குப் போனபோது ஆர்.ஜே. வேலையோடு சவுண்ட் பிரிவையும் சேர்த்தே கேட்டிருக்கிறான்.