ஜெர்மன் பாட்டை ஆங்கில சிங்கிளாக மாற்றுவது எப்படி?

போன வருடம் நண்பர் ஒருவரின் ஜெர்மன் பாப் பாட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதினேன். பல்லவியிலேயே மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்த மூன்று வாரம் உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

1. வரிக்கு வரி அர்த்தத்தை உரைநடையில் எழுதுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி இதற்கு மட்டும் போதும். எழுதியதும் மூடி வையுங்கள்.

2. தத்தகாரம் போடுங்கள். நம் சினிமாப் பாடலாசிரியர்கள் மெட்டுக்கு எழுதுகிற அதே வழி. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்புச் செயலியில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்துக் கேட்டு, 'தான தனன' என்று தாளில் குறியுங்கள். எதுகை தேடித் தரும் தளங்களை இப்போதே திறக்காதீர்கள். எதுகைக்காக வரி வளைந்துவிடும்.

3. அழுத்தம் பாருங்கள், அதாவது ஆங்கிலச் சொல்லில் எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்று. நான் சறுக்கியது இங்கேதான். அசைகள் கச்சிதமாக இருந்தன; பாடினால் ஆங்கிலமாகவே கேட்கவில்லை. குறில் நெடில் பார்த்துப் பழகிய காதுக்கு இது பிடிபட நாளாகும். 'டுநைட்' என்பதில் 'நைட்'தான் ஓங்க வேண்டும். என் வரியில் தாளத்தின் அடி 'டு' மேல் விழுந்தது. 'ஈவ்னிங்' என்று மாற்றினேன், சரியாக உட்கார்ந்தது.

ஜெர்மன் இசைக்குழு நேனாவின் '99 லுஃப்ட்பலோன்ஸ்' (1983) கேளுங்கள். ஜெர்மனில் அந்தப் பலூன்களுக்கு நிறமே கிடையாது. ஆங்கிலத்தில் வெறும் 'பலூன்ஸ்' என்றால் 'லுஃப்ட்' என்ற ஓங்கிய அசை காலியாகிவிடும். கெவின் மெக்அலியா எழுதிய ஆங்கில வரியில் அந்த இடத்தில் 'ரெட்' நிற்கிறது. எவ்வளவு அழகான வேலை! 1984இல் அந்த ஆங்கிலப் பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் ஜெர்மன் பாட்டே இரண்டாம் இடம் வரை போனது வேறு கதை.

4. இழுத்துப் பாடும் சுரத்தில் 'ஆ', 'ஓ' போல வாய் திறக்கும் ஒலி வரட்டும். உச்சத்தில் 'ஈ' வைத்தால் பாடுபவரின் தொண்டை இறுகும்.

5. அர்த்தம் ஒத்துவராவிட்டால் துணிந்து விடுங்கள். 1967இல் வந்த 'கோம் டாபிட்யூட்' என்ற பிரெஞ்சுப் பாட்டு, காதல் ஆறிப்போன ஒரு ஜோடியைப் பற்றியது. பாடகர் பால் ஆங்கா மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு, வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும் மனிதனின் 'மை வே' ஆக்கினார்.

பின்சேர்க்கை: கவர் பாட்டுக்கான (ஏற்கெனவே வந்த பாட்டை மறுபடி பாடி வெளியிடுவதற்கான) லைசென்ஸ் போதாதா என்று பின்னூட்டத்தில் இருவர் கேட்டிருந்தார்கள். போதாது. வேறு மொழியில் வரிகள் எழுதினால் அது தழுவல். வெளியிடும் முன் பதிப்புரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். உங்கள் வரிகளுக்கு ராயல்டியில் பங்கு உண்டா என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.