இமை அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

தொங்கும் மேல் இமைக்கோ கண்ணுக்குக் கீழே உள்ள பைக்கோ அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறீர்களா? கத்தியா லேசரா என்பது அப்புறம், எவ்வளவு தோலை எடுக்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். புருவத்துக்கும் மேல் இமை விளிம்புக்கும் நடுவே சுமார் 20 மில்லிமீட்டர் தோல் மிஞ்ச வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதைவிட ரொம்பக் குறைந்துபோனால் தூங்கும்போது கண் முழுதாக மூடாமல் கருவிழி காய்ந்து புண்ணாகலாம். குறைவாக எடுத்தால் பிறகு இன்னும் கொஞ்சம் எடுக்கலாம், அதிகம் எடுத்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாடு.

கீழ் இமையில், உட்புறம் வழியாகக் கொழுப்பை எடுத்தால் வெளியே தழும்பு இருக்காது, இமை கீழே இழுபடும் ஆபத்தும் குறைவு. தோலும் தளர்ந்திருந்தால் இமைமுடிக்குக் கீழே வெட்ட வேண்டி வரலாம். அப்படியென்றால் டாக்டர் இமையை விரலால் இழுத்து விட்டுப் பார்த்தாரா என்று கவனியுங்கள், ஏனென்றால் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பாத இமையை வெளி ஓரத்தில் இறுக்கியும் தைக்க வேண்டியிருக்கும். லேசர் என்றால் கருவிழிக்கு உலோகக் கவசம் வைப்பார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

கண் வறட்சி, தைராய்டு, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அதை எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

வீக்கமும் ரத்தம் கட்டுவதும் சகஜம். ஆனால், குறிப்பாக முதல் 24 மணி நேரத்தில், கடும் வலியோடு கண் முன்னே தள்ளினாலோ பார்வை மங்கினாலோ கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து நரம்பை அழுத்துகிறதோ என்று பார்க்க வேண்டும். அபூர்வம்தான், ஆனால் பார்வையே போய்விடலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.