ஆக்சலேட்டுப் படிகங்களைச் சன்னல் ஓரம் வைக்காதீர்கள்

பினாங்கில் ஆறாம் படிவ மாணவர்களுக்கும் பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களுக்கும் அணைவுச் சேர்மங்களின் (நடுவிலுள்ள உலோகத்தோடு வேறு மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்த சேர்மங்கள்) செய்முறைகளைக் கற்பித்து வருகிறேன். இரும்போடு மூன்று ஆக்சலேட்டு அயனிகள் பிணைந்த, பச்சை நிறப் பொட்டாசியம் டிரிஸ்ஆக்சலேட்டோஃபெரேட்டைத் தயாரிக்கும் வாரம் வந்துவிட்டால், எல்லாரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைப் புதியவர்களும் செய்கிறார்கள். பெயரில் ஈனிகளை (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகள், அயனிகள்) வரிசை மாற்றி எழுதுவது போன்றவற்றைத் திருத்துபவரின் சிவப்பு மையே பார்த்துக்கொள்ளும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அணைவு எண்

ஈனிகளை எண்ணாதீர்கள், உலோகத்தோடு பிணையும் அணுக்களை எண்ணுங்கள். மூன்று ஆக்சலேட்டுகள் இரும்பை ஆறு ஆக்சிஜன் அணுக்களால் பற்றுகின்றன. ஆகவே அணைவு எண் 6.

குளோரைடைச் சூடாக்குதல்

இது வேறொரு அணைவுச் சேர்மத்தில் நடக்கும் தவறு. ஐந்து அம்மோனியா கொண்ட ஊதா நிறக் கோபால்ட்டு குளோரைடில், வெள்ளி நைட்ரேட்டு மூன்று குளோரைடுகளில் இரண்டை மட்டுமே உடனே வீழ்படிவாக்கும். 1893இல் வேதியியலாளர் வெர்னர் அணைவுச் சேர்மங்களுக்கு முன்வைத்த கொள்கை இத்தகைய வேறுபாடுகளுக்குத்தான் விளக்கம் தந்தது. அவசரப்பட்டுக் கரைசலைக் கொதிக்க வைத்தால், உலோகத்தோடு பிணைந்திருந்த மூன்றாவதும் நீருக்கு இடம்விட்டு வெளியே வந்துவிடும்.

பெராக்சைடு

தயாரிப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்ப்பது துளித்துளியாக, 40 பாகை செல்சியசை ஒட்டி.

வெளிச்சம்

ஒரு மாணவியின் படிகங்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன: மரகதப் பச்சை, கூரிய விளிம்புகள், உள்ளே ஒரு குமிழிகூட இல்லை. அவற்றை வடிதாளில் பரப்பி, வெயில் விழும் சன்னல் திட்டில் காயவைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மேற்பரப்பில் மஞ்சள் பொடி படர்ந்திருந்தது. அதையும் சேர்த்து அரைத்து, எடைபோட்டு, பெர்மாங்கனேட்டால் தரம்பார்த்தார் (எவ்வளவு பெர்மாங்கனேட்டுக் கரைசல் செலவாகிறது என்பதைக் கொண்டு ஆக்சலேட்டை அளந்தார்). அளவு ஏறத்தாழச் சரியாகவே வந்தது. எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அந்தச் 'சரி'தான்.

ஒளி பட்டதும் ஆக்சலேட்டு தன் எலக்ட்ரானை ஃபெரிக் (+3) இரும்புக்குக் கொடுத்துவிட்டுக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. இரும்பு ஃபெரஸ் (+2) நிலைக்கு இறங்குகிறது. ஹாட்சார்டு, பார்க்கர் என்ற ஆய்வாளர்கள் 1956இல் ஒளியின் அளவையே அளப்பதற்குப் பயன்படுத்தும் அளவுக்கு இந்த வினை நம்பகமானது. இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு அணைவு அயனிகளிலுள்ள ஆறு ஆக்சலேட்டுகள் பெர்மாங்கனேட்டுக்கு 12 எலக்ட்ரான்களைத் தரும். ஒளியால் சிதைந்தபின் எஞ்சும் ஐந்து ஆக்சலேட்டுகள் 10, இரண்டு ஃபெரஸ் அயனிகள் 2, மறுபடியும் 12. வெளியேறிய வாயுவின் எடை குறைவதால் மட்டும் ஒரு கிராமுக்கான அளவு சற்று ஏறும், அதையும் மாணவர்கள் 'பரிசோதனைப் பிழை' என்று எழுதிக் கடந்துவிடுவார்கள். கெட்டுப்போன பொருளுக்குத் தூய பொருளின் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

ஆகவே தரம்பார்க்கும் முன், நிழலான இடத்தில் சில படிகங்களைக் கரைத்துப் பொட்டாசியம் ஃபெரிசயனைடை ஒரு துளி விடுங்கள். நீலம் தோன்றினால் ஃபெரஸ் இருக்கிறது. அந்த மாதிரியை எடைபோடவே வேண்டாம். படிகங்களை எத்தனாலால் கழுவி, உறிஞ்சு வடிகட்டியிலேயே உலரவிட்டு, கறுப்புத் தாள் சுற்றிய பழுப்புக் குப்பியில் உடனே அடையுங்கள்.

உலர்த்தும் அடுப்பு

வேண்டாம். படிக நீர் போய்விடும்.