அரண்மனைக் கல்யாணச் சாமான் சேர்க்கப் போகிறீர்களா?

பாளையங்கோட்டையில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறேன். கண்ணாடி அறுக்கும் மேசைக்குப் பின்னால் இருக்கும் அலமாரி முழுக்க ராஜ குடும்பத்துக் கல்யாண நினைவுப் பொருள்கள்தான்: கோப்பை, தட்டு, தபால்தலை, நாணயம், நம்ம பக்கத்து ஜமீன் கல்யாண வாழ்த்து மடல். இதைப் பார்த்துவிட்டு, "நானும் சேர்க்கணும், எதில் ஆரம்பிக்க அண்ணாச்சி?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

நாணயத்தில் ஆரம்பிக்காதீர்கள். சார்லஸ், டயானா கல்யாணம் 1981 ஜூலை 29இல் நடந்தது. அதற்காக பிரிட்டன் வெளியிட்ட கிரௌன் என்ற நினைவு நாணயம் 2.6 கோடிக்கும் மேல். ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் மணமக்கள் முகம். எத்தனை பென்ஸ் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. அதையே காட்டி, "இது அபூர்வம், அசல் வெள்ளி" என்று விலை சொல்வார்கள். வெள்ளியிலும் அடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் செம்பு நிக்கல் நாணயமும் வெள்ளி நாணயமும் ஒரே எடை, 28.28 கிராம். அகலமும் ஒன்றுதான், 38.61 மில்லிமீட்டர். தராசு உதவாது. வெள்ளி நாணயம் பெட்டியும் சான்றிதழுமாக வந்தது. அவை இல்லையென்றால் நகைக்கடை மெஷினில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல் பக்கம் மட்டும் விடாதீர்கள்.

கிடைப்பதற்கு அரியது 1947 நவம்பர் 20இல் நடந்த எலிசபெத், பிலிப் கல்யாணச் சாமான். போர் முடிந்த கையோடு எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு; சித்திரம் போட்ட பீங்கானை உள்நாட்டில் விற்கக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் செய்ததே கொஞ்சம். இந்தக் கல்யாணத்துக்கு பிரிட்டன் தபால்தலையும் போடவில்லை, ஆஸ்திரேலியா போட்டது. பிரிட்டனின் முதல் ராஜ கல்யாணத் தலை 1973இல் இளவரசி ஆன் கல்யாணத்துக்கு வந்ததுதான். யாராவது பழைய பிரிட்டன் தலையை நீட்டி "எலிசபெத் கல்யாண ஸ்டாம்ப்" என்றால் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் அது அவர் அப்பா ஆறாம் ஜார்ஜின் கல்யாண வெள்ளிவிழாத் தலையாக, 1948இல் வந்ததாக இருக்கும்.

தேதி தப்பாக அச்சான சாமானுக்கு மவுசு அதிகம். சார்லஸ், கமிலா கல்யாணம் 2005 ஏப்ரல் 8 என்று குறித்திருந்தார்கள். போப் இரண்டாம் ஜான் பாலின் இறுதிச் சடங்கும் அன்றைக்கே அமைந்துவிட, கல்யாணம் 9ஆம் தேதிக்குப் போனது. அதற்குள் கோப்பைகளில் 8 என்று அச்சாகிவிட்டது. தபால்தலை ஷீட்டிலும் 8தான். விவரம் தெரிந்தவர்கள் அப்போதே வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். ஆகவே 8 என்று இருப்பதாலேயே விலையை ஏற்றிக் கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? யார் கொண்டுவந்தது, எப்படி வந்தது என்று சொல்ல ஆள் இருக்கிற சாமானை வாங்குங்கள். என் அலமாரியில் மேல் தட்டில் இருப்பது சமாதானபுரத்து ஆச்சி ஒருவர் கொடுத்த சார்லஸ், டயானா கோப்பை. விளிம்பில் சில்லுப் போயிருக்கிறது, காது ஒட்டவைத்தது. அதில் ஊசி, நூல், பித்தான் போட்டு வைத்திருந்தார். "எங்க வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பார்க்கையில கொண்டாந்தது ராசா. கல்யாண ஊர்வலத்தைத் தெருவுல நின்னே பார்த்தாராம். கூட்டத்துல ஒத்தச் செருப்பைத் தொலைச்சுட்டு வந்து அந்தக் கதையவே வருசம் பூரா சொன்னாரு." இதை அப்படியே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கோப்பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். சில்லு இல்லாத கோப்பை ஆன்லைனில் எத்தனையோ கிடைக்கும். இந்தத் தாள் கிடைக்காது.

இப்படிப்பட்ட வீடு நம்ம பக்கம் நிறைய. கொழும்பில் வியாபாரம் பார்த்தவர்கள், கப்பலில் போனவர்கள், மேலப்பாளையம், கடையநல்லூர் வளைகுடாக்காரர்கள், நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துப் பழைய சபைக் குடும்பங்கள். போனதும் விலை பேசாதீர்கள். காப்பி குடித்து, கதை கேட்டு, அப்புறம் பேசுங்கள். கொடுக்க மனசில்லை என்றால் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பழைய பாத்திரக் கடைக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள். வீடு இடிக்கும்போது சாமான் முதலில் அவர்களிடம்தான் போகும்.

லண்டன் சாமானை விட எனக்குப் பிரியம் ஜமீன் கல்யாணக் காகிதங்கள்தான். ஊத்துமலை, சிவகிரி, எட்டயபுரம், சிங்கம்பட்டி என்று சுற்றிலும் அரண்மனைகள். அழைப்பிதழ், வாழ்த்துப்பா அச்சடித்த மடல், அட்டையில் ஒட்டிய ஸ்டூடியோ போட்டோ, இவை இன்னும் வீடுகளில் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. மடல் கிடைத்தால் பாட்டைப் படிக்கும் முன் அடியில் அச்சகத்தின் பெயரையும் ஊரையும் பாருங்கள். காலம் குறிப்பதில்தான் சூட்சுமம். "விரோதி வருஷம் தை மாதம்" என்று இருந்தால் அது 1890 ஆகவும் இருக்கலாம், 1950 ஆகவும் இருக்கலாம். தமிழ் வருஷம் 60க்கு ஒருமுறை சுற்றி வருகிறதே. மலையாள வருஷக் கணக்கான கொல்லம் ஆண்டு போட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்; 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும். கொல்லம் 1100 என்றால் 1924-25. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை வெளிநாட்டுக்கு விற்க 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி வழியில்லை, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் படிகளுக்கு 75 வருஷமே போதும். விலை கேட்டு வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் ஞாபகம் இருக்கட்டும்.

பாதுகாப்பது என் தொழில் என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மடலை லாமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரித்தெடுக்க முடியாது. கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினால் சில வருஷத்தில் பழுப்புக் கறைதான் மிஞ்சும். சட்டம் போடுவதானால் கண்ணாடி காகிதத்தில் ஒட்டாதபடி நடுவில் அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் போதும், அதனால் சுவரோடு ஒட்டி அலமாரி வைக்காதீர்கள், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். நாணயத்தைப் புளி போட்டோ விபூதி போட்டோ துலக்கினால் சேகரிப்பாளர் யாரும் நல்ல விலை தர மாட்டார். மெத்தென்று வளைகிற மலிவு பிளாஸ்டிக் உறையில் போட்டாலும் நாளாவட்டத்தில் பச்சைப் பிசின் ஏறும்.

தங்க விளிம்புக் கோப்பையை வெறும் தண்ணீரில் கையால் கழுவினால் போதும். வாங்கும்போது விரலால் சுண்டிப் பாருங்கள். முழுசாக இருந்தால் கணீரென்று கேட்கும், கீறல் இருந்தால் சத்தம் மட்டிப்போகும். மட்டிப்போனாலும், அதற்கு ஒரு கதை இருந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், நான் எடுத்துக்கொள்கிறேன்.