பிரிட்டன் வீட்டு ஹெட்ஜ்: எதுவரை வெட்டலாம்?

பிரிட்டனில் தோட்டத்தோடு வீடு வாங்கினால் உயிர்வேலியும், அதாவது ஹெட்ஜும், பெரும்பாலும் கூடவே வரும். குளிர் கடுமையாக உறைவது சில நாட்கள்தான், சுட்டெரிக்கும் வெயிலும் குறைவு, மழைக்கோ பஞ்சமில்லை. அதனால் வசந்தத்தில் துளிர்க்கத் தொடங்கும் ஹெட்ஜ் ஆகஸ்ட் வரை ஓயாது. ஒரு கோடை கவனிக்காமல் விட்டால் நடைபாதையில் போகிறவரின் தோளில் உரசும். அந்த அவசரத்தில் ட்ரிம்மரை எடுத்து உள்மரம் வரை வெட்டிவிடுகிறார்கள். சில செடிகள் அதிலிருந்து மீளும். சில மீளவே மீளாது.

மீளாததில் முதலிடம் லெய்லண்டி என்ற ஊசியிலை மரத்துக்கு. செதில் செதிலாகத் தட்டையான இலை, ஆண்டுக்கு 75 முதல் 90 செ.மீ. வளர்ச்சி. கிளைகளைக் கையால் விலக்கிப் பாருங்கள்: வெளியே பச்சை ஓர் அடுக்குதான், உள்ளே எல்லாம் பழுப்புக் குச்சி. அந்தப் பழைய மரத்திலிருந்து புதுத் துளிர் வராது. பச்சையைத் தாண்டி வெட்டிய இடம் மொட்டையாகவே நிற்கும். ஆகவே இதன் அகலத்தைப் பிற்பாடு குறைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு செல்லாது. முதல் ஆண்டுகளிலிருந்தே பக்கங்களைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். மிஞ்சிப்போன உயரத்தை மட்டும் ஏப்ரலில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். புதிதாக வளர்ப்பவர்கள், நுனி விரும்பிய உயரத்தைத் தொட்டதும் அதற்கு 15 செ.மீ. கீழே வெட்டுங்கள். மேல் கிளைகள் அடர்ந்து வந்து அந்த வெட்டை மூடிவிடும். வசந்தத்துக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் இரண்டு மூன்று முறை மேலோட்டமாக வெட்டினால் போதும். இலையுதிர் காலம் பிறந்தபின் தொடாதீர்கள்.

ஊசியிலைச் செடிகளில் யூ (yew) ஒரு விதிவிலக்கு. வெறும் தண்டு வரை வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிப் போகும். கோடை முடிவில் ஆண்டுக்கு ஒரு வெட்டு அதற்குப் போதும். இலையுதிர்க்கும் மரங்களான பீச், ஹார்ன்பீம் இரண்டுக்கும் ஆகஸ்டில் ஒருமுறை. அப்படி வெட்டினால் காய்ந்த இலைகளைக் குளிர்காலம் முழுக்கப் பிடித்து வைத்துக்கொண்டு மறைப்பாக நிற்கும். பிரிவெட் என்ற புதர்ச்செடியோ மே முதல் ஆகஸ்டுக்குள் இரண்டு மூன்று வெட்டு கேட்கும். எவ்வளவு மோசமாக வெட்டினாலும் மன்னித்துவிடும் செடி அது; புதிதாகக் கற்பவருக்கு ஏற்றது.

ஹெட்ஜின் பக்கங்களைச் செங்குத்தாக நிறுத்தாதீர்கள். அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும் இருக்க வேண்டும். 1.8 மீட்டர் உயரமுள்ள ஹெட்ஜுக்கு அடியில் 75 செ.மீ., உச்சியில் 45 செ.மீ. என்றால் நல்ல சரிவு. உச்சி அகன்றுவிட்டால் நிழல் விழுந்து அடிப்பகுதி இலை உதிர்த்து ஓட்டையாகும். பலர் வீட்டில் ஹெட்ஜின் கால் தெரிவதற்கு உரக்குறையைவிட இதுதான் காரணம்.

வெட்டும் நாள் மேகமூட்டமாக, ஆனால் இலை காய்ந்திருக்க வேண்டும். கொளுத்தும் வெயிலில் வெட்டினால் உள்ளே நிழலில் இருந்த மென்மையான இலைகள் கருகும். மழையில் நனைந்த இலையை ட்ரிம்மர் வெட்டாது, கிழிக்கும். கிழிந்த காயத்தில் பூஞ்சை புகும். சிற்றிலைப் புதரான பாக்ஸ் செடியில் இது மிகவும் ஆபத்து. பாக்ஸ் பிளைட் என்ற பூஞ்சை நோய் ஈர இலையில்தான் பரவுகிறது. ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகும் முன் கத்தியைக் கிருமிநாசினியால் துடையுங்கள். மின்கம்பி உள்ள ட்ரிம்மர் என்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம், கம்பி தோளுக்குப் பின்னால் கிடக்கட்டும். ஈரநாளில் அதைத் தொடவே கூடாது.

வேலை தொடங்கும்போது இரு முனையிலும் கம்பு நட்டு, உச்சி உயரத்தில் நூல் கட்டுங்கள். கண்ணளவு பத்து அடியிலேயே ஏமாற்றும். அடியில் பழைய துணியோ தார்ப்பாயோ விரித்தால் பொறுக்குகிற வேலை பாதி குறையும். பக்கங்களைக் கீழிருந்து மேலாக வெட்டுங்கள்; வெட்டிய துண்டுகள் இனி வெட்டவேண்டிய இடத்தை மறைக்காமல் விழும். உச்சியை நூலை ஒட்டி கடைசியில் வெட்டுங்கள். ஏணியை ஹெட்ஜின் மேல் சாய்க்காதீர்கள், அது தாங்காது. மூன்று கால் ஏணி நல்லது. மண் ஈரமாக இருந்தால் பலகை போட்டு நில்லுங்கள், மிதித்து இறுகிய மண்ணில் மழைநீர் தேங்கும்.

பறவைக் கூட்டை மறக்க வேண்டாம். 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டப்படி, பயன்பாட்டில் உள்ள அல்லது கட்டப்படுகிற கூட்டை வேண்டுமென்றே சேதப்படுத்துவது குற்றம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை முக்கிய இனப்பெருக்கக் காலம். செடி வெட்டு கேட்கிற மாதங்களும் அவையேதான். இடையில் வெட்டியே ஆகவேண்டும் என்றால், பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். பறவை வாயில் இரையோடு உள்ளே போனால் ட்ரிம்மரை மூலையில் வைத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டார் பேச்சும் வரும். எல்லையைத் தாண்டி வரும் கிளையை எல்லைக்கோடு வரை நீங்கள் வெட்டலாம். வெட்டிய கிளை அவர்களுடைய சொத்து, கேட்காமல் வேலிக்கு மேலே எறிந்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2005 முதல் இன்னொரு வழியும் உண்டு. 2 மீட்டருக்கு மேல் வளர்ந்து வெளிச்சத்தை மறைக்கும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பசுமைமாறாச் செடிகள் கொண்ட வேலி பற்றிப் பேசித் தீராதபோது உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிடம் புகார் செய்யலாம். கட்டணம் புகார் செய்பவர் தலையில். ஆகவே முதலில் ஒரு தேநீருக்கு அழைத்துப் பேசுவதே லாபம்.

கவனிப்பாரின்றிப் புதராகிப்போன பீச், ஹார்ன்பீம் போன்றவற்றை பிப்ரவரி அல்லது மார்ச் தொடக்கத்தில் கடுமையாக வெட்டிப் புதுப்பிக்கலாம். யூவுக்கும், பெரிய இலைகளுள்ள பசுமைமாறாச் செடியான லாரலுக்கும் வசந்தம் ஏற்றது. ஒரே ஆண்டில் எல்லாப் பக்கமும் வெட்டாதீர்கள். இந்த ஆண்டு ஒரு பக்கம், அது நன்றாகத் துளிர்த்தபின் அடுத்த பக்கம். மழை மண்ணின் சத்தை அடித்துச் செல்வதால், கடும் வெட்டுக்குப்பின் உணவு தேவை: குரோமோர் போன்ற பொது உரம் சதுர மீட்டருக்கு 70 கிராம், அதன்மேல் 5 செ.மீ. மூடாக்கு (மண்ணை மூடும் மக்கு அடுக்கு). மூடாக்கு தண்டைத் தொட்டால் பட்டை அழுகும், ஒரு கை இடைவெளி விடுங்கள்.

லாரலுக்குத் தனியாக ஒரு சொல். ட்ரிம்மர் அதன் பெரிய இலைகளைப் பாதியில் நறுக்கி, ஓரம் பழுப்பேறி அசிங்கமாக்கும். சிறிய வேலியென்றால் கைக்கத்தரியால் கிளை கிளையாக வெட்டுவதே அழகு. மழைக்காலத்தில் இலையில் துப்பாக்கியால் சுட்டுச் சல்லடையாக்கியதுபோல் ஓட்டை விழும். பூச்சி தின்றது என்று மருந்து தெளிக்காதீர்கள், பெரும்பாலும் அது பாக்டீரியாவோ பூஞ்சையோதான். உள்ளே காற்று போகும்படி கிளையைத் தளர்த்தினால் குறையும். இந்த இலையை நசுக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். துண்டாக்கும் இயந்திரத்தில் போடுவதாக இருந்தால் திறந்த வெளியில் செய்யுங்கள். மூட்டை கட்டிக் குப்பை மையத்துக்குக் காரில் கொண்டுபோகும்போது கண்ணாடிகளை இறக்கிவிட்டே ஓட்டுங்கள்.