வாவிக்கரைச் சந்தையில் கடை போடுவது எப்படி: காற்றுக்கு அசையாத கூடாரம்

சித்திரை சீசனுக்கு நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் கைவினைப் பொருள் விற்க முதல்முறையாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரைகளில் கடை போடுகிறவர்களுக்கும் இது பொருந்தும். அனுமதியை எழுத்தில் வாங்கி, அதைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சரி, கடைக்கு வருவோம்.

படி 1: இடம்

தண்ணீரை ஒட்டிய முன்வரிசைக்குத்தான் போட்டி. நான் கேட்டு வாங்குவது இரண்டாவது வரிசையை. வாவியின் மேல் காற்றை மறிக்க மரமும் இல்லை, மதிலும் இல்லை. வருகிற வேகம் அத்தனையும் முன்வரிசையில்தான் இறங்கும்.

படி 2: கூடாரம் (இதை ஆறுதலாக வாசியுங்கள்)

காற்று பக்கத்தில் இருந்து தள்ளுவதை விட, கூரைக்கு அடியில் புகுந்து மேலே தூக்குவதுதான் ஆபத்து. காலடியில் கல் வைத்தால் கால் நகராது, ஆனால் மேல்சட்டம் முறுக்கிக்கொண்டு மடங்கிவிடும். அதனால் பாரம் கூரையின் மூலையில் இருந்து தொங்க வேண்டும்.

நான் பயன்படுத்துவது 20 லீற்றர் தண்ணீர் கேன், காலுக்கு ஒன்று. வெறுமையாக பஸ்ஸில் கொண்டுவந்து அங்கேயே நிரப்பினால் ஒவ்வொன்றும் 20 கிலோ பாரம். கூரைச் சட்டத்தின் மூலையில் கயிற்றைக் கட்டி, காலை ஒட்டி நேராக இறக்கி, கேனின் கைப்பிடியில் இழுத்துக் கட்டுங்கள். மரக்கறி லொறிக்காரர்கள் போடும் சுருக்கு முடிச்சுதான் சரி. கயிறு தளர்ந்தால் முழுதாக அவிழ்க்காமலே இறுக்கலாம். தெரியாவிட்டால் பொருளாதார நிலையத்தில் (மரக்கறி மொத்தச் சந்தையில்) பாரம் ஏற்றுகிற ஒரு அண்ணனிடம் கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் பழக்கிவிடுவார். மெல்லிய நைலான் கயிறு எனக்குப் பிடிக்காது, முடிச்சு வழுக்கும். தும்புக் கயிறு சொரசொரப்பாக நின்று பிடிக்கும்.

பின்பக்கத்தைத் தறப்பாளால் மூடாதீர்கள். மரக்கறித் தோட்டங்களுக்குப் போடும் பச்சை வலையைக் கட்டுங்கள். காற்று அதன் வழியே போய்விடும், குரோஷே பை, கம்பளித் தொப்பி, சின்னத் தேயிலைக் கொழுந்துக்கூடை எல்லாவற்றையும் அதிலேயே ஊக்கால் மாட்டலாம். மேசையில் இடமும் மிஞ்சும்.

படி 3: ஈரம்

ஊர் கடல்மட்டத்தில் இருந்து 1,800 மீற்றருக்கு மேல். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கும். சித்திரையில் பின்னேர இடிமழையும் வழக்கம். கம்பளியை இரவில் பொலித்தீனில் இறுக்கிக் கட்டாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். பழைய துணிப் பைதான் நல்லது. விலைச்சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். சில ஜெல் பேனா மை பனியிலேயே கரையும்.

படி 4: விலை

சீட்டில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்கட்டும். நூல் விலையோடு, பின்னிய மணித்தியாலங்களுக்கும் கூலி சேருங்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து இரவில் பின்னுகிற அக்காமார் இந்தக் கூலியைத்தான் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அது அவர்களுடைய உழைப்பு, ஒரு ரூபாயும் விடக்கூடாது. பேரம் பேசினால் விலையைக் குறைப்பதற்குப் பதில், சின்னதாக ஒரு பொருளைச் சேர்த்துக் கொடுங்கள். கியூஆர் அட்டை வைத்திருந்தாலும் 100 ரூபாய் நோட்டுகள் கையில் இருக்கட்டும். காலையில் முதல் ஆளே 5,000 நோட்டை நீட்டுவார்.

பிற்சேர்க்கை: கல் பதித்த தரையில் முளை அடிக்க முடியவில்லையே என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். கேன் முறைக்கு முளையே தேவையில்லை.

இன்னொரு பிற்சேர்க்கை: கேன் மூடி கசிந்து மேசைத்துணி நனைந்ததாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். கேனின் வாயில் ஒரு பொலித்தீன் துண்டை வைத்து மூடியைத் திருகுங்கள். 20 லீற்றர் கேன் கிடைக்காதவர்கள் 5 லீற்றர் எண்ணெய்க் கேன்கள் நான்கை ஒன்றாகக் கட்டித் தொங்கவிடலாம். கடையைப் பிரிக்கும்போது முதலில் கூரைத்துணியைக் கழற்றிவிட்டு, அப்புறம் தண்ணீரைக் கொட்டுங்கள்.